படகுத்துறையில் நிற்க வேண்டிய சட்டம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் பகுதியிலுள்ள பெரிய நீர்ப்பரப்புகள் பெரும்பாலும் மனிதன் கட்டிய அணைகளால் உருவானவை. பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழை, பரம்பிக்குளம். இடுக்கி மாவட்டத்தில் தேக்கடி, மாட்டுப்பெட்டி, குண்டளை. இவற்றுள் எதுவும் படகு விடுவதற்காகக் கட்டப்பட்டதன்று. வயலுக்கு நீர் வேண்டும், ஆலைக்கும் வீட்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்ற நோக்கத்துடனேயே இவை எழுப்பப்பட்டன. படகும் படகுத்துறையும் சுற்றுலாவும் பின்னர் வந்து சேர்ந்த பயன்கள்.

பின்னர் வந்த பயனுக்கு விதிகளும் பின்னரே வந்தன. அணையின் நீர்மட்டம், மதகு, நீர்ப் பங்கீடு ஆகியவற்றைக் குறித்து விரிவான ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது, அந்நீரின்மீது ஏறிச் செல்லும் பயணியின் பாதுகாப்பைப் பற்றி அவற்றில் விரிவாகப் பேச வேண்டிய தேவை எழவில்லை. அந்த இடைவெளி எத்தகையது என்பதை 2009ஆம் ஆண்டு தேக்கடியில் நிகழ்ந்த விபத்து நாட்டுக்கு உணர்த்தியது.

நீர் ஒருவருக்கு, கரை ஒருவருக்கு

தேக்கடி ஏரி என்று சுற்றுலாப் பயணிகள் அழைப்பது முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கமே. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் நிறைவுற்றது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகைப் பாசனப் பகுதிக்கு வந்தது. 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தின்படி, மின் உற்பத்தி உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதி செய்யப்பட்டது. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு விடப்பட்டது.

இதன் விளைவாக, ஒரே நீர்ப்பரப்பில் பல உரிமைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அணையை இயக்குவது தமிழ்நாட்டு அரசின் நீர்வளத் துறை. சுற்றியுள்ள காடு கேரள வனத்துறையின் பொறுப்பு; 1978 முதல் அது புலிகள் காப்பகம். பயணிகள் படகுகளை இயக்குவோர் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும். அணைக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பொறியாளர்களும் மேற்பார்வைக் குழுவினரும் பயன்படுத்தும் வழியும் இந்த ஏரியேயாகும். கரையோரத்தில் மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்கள் மூங்கில் தெப்பத்தில் சென்று மீன் பிடித்து வருகின்றனர்.

பரம்பிக்குளத்தில் நிலைமை இன்னும் வியப்பானது. நீர்த்தேக்கம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. அணையை இயக்குவது பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு. அங்குச் செல்லும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டின் பக்கத்திலிருந்தே புறப்படுகிறது. மாட்டுப்பெட்டியிலும் குண்டளையிலும் அணைகள் கேரள மாநில மின்வாரியத்தைச் சேர்ந்தவை. மலம்புழை அணை பாசனத் துறையின் பொறுப்பு.

உரிமையாளர் பலராக இருப்பது குறையன்று. ஆயின், ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மட்டும் கவனித்தால், படகில் ஏறும் பயணி எவருடைய கண்ணிலும் படாமற்போகக்கூடும். எல்லைப்புற நீர்த்தேக்கங்களின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

ஓடத்துறையிலிருந்து இயந்திரப் படகு வரை

படகுக்கு விதி வகுப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குக் கால்வாய்களையும் பொது ஓடத்துறைகளையும் குறித்த 1890ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் இருந்தது. இடுக்கிப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்குக் கொல்லம் ஆண்டு 1096இல் இதே பொருள்பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆறு கடப்பதற்கான ஓடத்துறையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை இவை. ஓடத்துறையை நடத்தும் உரிமை, கட்டணம், ஒழுங்கு ஆகியவை அவற்றின் அக்கறை. நீராவிக்கும் பின்னர் எண்ணெய் எஞ்சினுக்கும் உரிய படகுகளுக்காக 1917இல் இந்திய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் விதிகளை வகுக்கும் பொறுப்பு பெருமளவு மாநிலங்களிடம் இருந்தது.

கேரளம் நீர்வழி மிகுந்த மாநிலம். விபத்துகளையும் அது நிறையக் கண்டுள்ளது. 1924இல் பல்லனையாற்றில் கவிழ்ந்த படகில் மகாகவி குமாரன் ஆசான் உயிரிழந்தார். 2002 ஜூலை 27இல் குமரகம் அருகே வேம்பநாட்டுக் காயலில் 29 பேரும், 2007 பிப்ரவரி 20இல் தட்டேக்காட்டில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேரும் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விசாரணை நடந்தது; பரிந்துரைகள் வந்தன.

தேக்கடி தந்த பாடம்

2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குக் கண்ணாடியிழைப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டினரும் அவர்களுள் இருந்தனர். அப்படகு சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும், படகின் நிலைப்புத்தன்மையில் இருந்த குறையும் விபத்துக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

படகு ஏன் கவிழ்கிறது என்பதை அறிந்துகொண்டால் விதிகளின் பொருள் எளிதில் விளங்கும். படகின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. நீர் அதனை மேல்நோக்கித் தாங்குகிறது. படகு சற்றே சாய்ந்தால், சாய்ந்த பக்கத்தில் நீருக்குள் அமிழும் பகுதி கூடுகிறது. அதனால் தாங்கும் விசையும் அப்பக்கம் நகர்ந்து படகை மீண்டும் நிமிர்த்துகிறது. எடையின் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்கு செயற்படும். மேல்தளத்தில் ஆட்கள் நிறையும்போது ஈர்ப்பு மையம் உயர்கிறது. நிமிர்த்தும் ஆற்றல் குறைகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒருவரின் எடை சராசரி 60 கிலோ என்று கொண்டால், 20 பேர் எழுந்து ஒரு பக்கம் வரும்போது 1,200 கிலோ எடை சில நொடிகளில் இடம் மாறுகிறது. தளையிட்டு வைத்த சரக்கு இவ்வாறு நகராது, மனிதர் நகர்வர். அதுவும் காட்டு ஏரியில், யானையோ காட்டெருமையோ தென்பட்டவுடன் அனைவரும் ஒரே திசையில் நகர்வர். ஆகவே, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைக் காட்டிலும் ஆட்கள் மிகாதிருந்தாலும்கூட, இருக்கையைவிட்டு எழக்கூடாது என்ற விதி தேவைப்படுகிறது. தேக்கடியைப் பொறுத்தவரை பயணத்தின் நோக்கமே அதன் அபாயமாகவும் அமைந்திருக்கிறது.

விதிகள் சொல்வது என்ன?

தேக்கடி விபத்துக்குப்பின் கேரள அரசு 2010இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் விதிகளை வெளியிட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டமாக, 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேறியது. கேரளத்தில் இப்பணிக்குரிய அமைப்பு கேரளக் கடல்சார் வாரியம். இவ்விதிகளின் சாரத்தை ஐந்து கூறுகளாகக் காணலாம்.

முதலாவது, பதிவு. இயந்திரப் படகு ஒவ்வொன்றும் பதிவு பெற்று எண் தாங்கியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு பிற மாநிலங்களிலும் செல்லும்; விவரங்கள் மையத் தரவுத்தொகுப்பில் சேரும். எல்லைப்புறத்துக்கு இது பெரிதும் உதவக்கூடிய ஏற்பாடாகும்.

இரண்டாவது, பரிசோதனை. படகின் வடிவமைப்பு, உடல், எஞ்சின், நிலைப்புத்தன்மை ஆகியவற்றை அளவையாளர் சோதித்துச் சான்று வழங்க வேண்டும். குறித்த கால இடைவெளியில் இச்சோதனை மீண்டும் நிகழ வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கை இச்சான்றிலிருந்தே பிறக்கிறது. அது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று.

மூன்றாவது, ஆட்கள். ஸ்ராங்கு எனப்படும் படகோட்டியும் எஞ்சினை இயக்குபவரும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

நான்காவது, உயிர்காப்புச் சாதனங்கள். அங்கி, மிதவை வளையம், தீயணைப்புக் கருவி ஆகியவை படகில் இருக்க வேண்டும். பெட்டியில் பூட்டிவைத்த அங்கி எவரையும் காப்பதில்லை; ஏறும்போதே அணிய வேண்டும். தேக்கடியில் இன்று அங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஐந்தாவது, காப்பீடு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இழப்பீடு தரும் பொறுப்பைப் புதிய சட்டம் உறுதிப்படுத்துகிறது.

இயந்திரமில்லாத ஓடம், தெப்பம் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளும் பணியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கவும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பழங்குடி மீனவரின் தெப்பத்தை ஒழுங்குபடுத்தும்போது அவருடைய தொழில் முடங்காதவாறு பார்த்துக்கொள்வது அவசியம். முன்பு காட்டில் வயணப் பட்டை உரித்து வந்தோர் தேக்கடியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைந்து, வனத்துறையின் திட்டத்தில் பயணிகளுக்கு வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். ஒழுங்குமுறையும் பிழைப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

கரைக்கும் விதி உண்டு

நீர்த்தேக்கத்தின் படகுத்துறை கடற்கரைத் துறைமுகத்தைப்போல நிலையானதன்று. முல்லைப் பெரியாற்றில் உச்சநீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி. 104 அடிக்குக் கீழே நீரைத் தமிழ்நாட்டுக்குத் திருப்ப இயலாது. இவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள நீரில் கரைக்கோடு பருவந்தோறும் இடம் பெயர்கிறது. ஏறும் இடமும் மாறுகிறது. 1895இல் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் ஏரியில் நிற்கின்றன. மட்டம் சற்று உயரும்போது அவற்றுட் பல நீருக்குள் மறைந்துவிடும். ஆதலால் படகு செல்லும் தடத்தை வரையறுப்பதும், நீர்மட்டத்தை அன்றாடம் படகோட்டிக்கு அறிவிப்பதும் இங்கு இன்றியமையாதவை. நீர்மட்டக் கணக்கு அணைப் பொறியாளரிடம் இருக்கிறது. படகோட்டியோ வேறொரு நிறுவனத்தின் ஊழியர். இவ்விருவருக்கும் இடையே செய்தி சென்று சேர வேண்டும்.

கரை காட்டு விலங்குகளுக்கும் உரியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காப்பகத்துக்குள் நுழைவதும் தங்குவதும் அனுமதிக்கு உட்பட்டவை. கண்ட இடத்தில் கரையேறுதல், விலங்கை நெருங்குமாறு படகோட்டியை வற்புறுத்துதல், குப்பை எறிதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை.

எண்ணுபவர் யார்?

விதிகள் இருந்தும் விபத்துகள் நின்றுவிடவில்லை. 2023 மே 7ஆம் நாள் மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு ஒன்று இருட்டிய பின் அளவுக்கு மீறிய ஆட்களுடன் சென்று கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர். புதிய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. இல்லாமற்போனது, படகு கரையைவிட்டுப் புறப்படுமுன் அதனை நிறுத்தும் கை.

பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் கப்பல்களின் பக்கத்தில் சுமைக்கோடு வரைவது கட்டாயமாயிற்று. அக்கோடு நீரில் மூழ்கினால் சுமை மிகுதி என்பதைத் துறைமுகத்தில் நிற்கும் எவரும் கண்டுகொள்ளலாம். பின்னர் அது உலகெங்கும் பரவியது. கோப்பில் கிடந்த பாதுகாப்பு இவ்வாறு எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாயிற்று.

எல்லைப்புறப் படகுத்துறைகளுக்கும் இவ்வழியே பொருந்தும். எத்தனை துறைகள் பங்கு கொண்டாலும், ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஓர் அலுவலர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். ஏறுவோரை எண்ணவும், சான்றைச் சரிபார்க்கவும், காற்றும் மழையும் கண்டு பயணத்தை நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அவருடைய முடிவைக் கட்டண வருவாயைக் காட்டி எவரும் மாற்றக்கூடாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, பரிசோதனைச் சான்று முடியும் நாள் ஆகியவை படகின் நுழைவாயிலில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். தேனி, பொள்ளாச்சி வழியாக வரும் தமிழ்நாட்டுப் பயணிகளும் பலர். ஆகவே அறிவிப்புகள் மலையாளத்தோடு தமிழிலும் இருப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியேயாகும்.

பயணிக்கும் இதில் பங்குண்டு. அங்கியை அணிதல், இருக்கையைவிட்டு எழாதிருத்தல், நிறைந்த படகில் ஏற மறுத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத காப்புகள். அடுத்த படகுக்காகக் காத்திருக்கும் பொறுமை ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும்.

நீரைப் பங்கிடுவதற்கு இரு மாநிலங்களும் நீண்ட ஒப்பந்தங்களை எழுதின. அவற்றைப் பற்றிய வழக்குகளும் பேச்சுகளும் பல்லாண்டுகள் நடந்துள்ளன. அந்நீரின்மேல் செல்லும் மனித உயிரைக் காப்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருக்க இடமில்லை. சட்டம் அரசிதழில் பிறக்கிறது; அது உயிர் பெறுவது படகுத்துறையின் கடைசிப் படியில்தான்.