முக்கோணத்தில் தவிக்கும் காந்தம்

காந்தம் என்றவுடன் வடதிசை காட்டும் ஊசியே நம் நினைவிற்கு வரும். இரும்பினுள் அணுக்கள் நுண்காந்தங்களாய் ஒரே திசை நோக்கி அணிவகுப்பதால் அதன் காந்தத்தன்மை வெளிப்படுகின்றது. அடுத்தடுத்த அணுக்கள் எதிர்முகமாய் நிற்கும் பொருள்களும் உள. அங்கும் ஒழுங்கு உண்டு. ஆயின் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்வதால் அது புறத்தே புலப்படாது. இவ்வெதிர் ஒழுங்கை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

புலப்படாத ஒழுங்கினால் பயன் யாது? 1956இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மைக்கிள்ஜான், பீன் ஆகியோர் விடை கண்டனர். ஆக்சைடு படிந்த கோபால்ட் நுண்துகள்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்தனர். பொதுவாக ஒரு காந்தத்தை எத்திசையில் திருப்பவும் தேவைப்படும் புலம் ஒரே அளவினதாகும். இங்கோ ஒரு திசையில் திருப்புவது அரிதாகவும், மீட்பது எளிதாகவும் இருந்தது. ஆக்சைடின் அசையா ஒழுங்கு அருகிலிருந்த கோபால்ட்டைப் பற்றி நிறுத்தியதே காரணம். இதனைப் ‘பரிமாற்றச் சாய்வு’ எனலாம். 1990களின் பிற்பகுதியில் கணிப்பொறி வன்தட்டின் தகவலைப் படிக்கும் முனையில் இதுவே பயன்பட்டது.

இனி, முக்கோணத்தின் முனைகளில் மூன்று அணுக்களை எண்ணிப் பார்ப்போம். இரண்டு எதிரெதிராய் நின்றுவிட்டால், மூன்றாவது எதற்கு எதிராய் நிற்கும்? ஒன்றை நிறைவு செய்தால் மற்றொன்று குறைபடும். 1977இல் துலூஸ் என்னும் அறிஞர் இந்நிலைக்கு ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ எனப் பெயரிட்டார். ‘விரக்தி’ என இதனைப் பெயர்த்தல் பொருந்தாது. விரக்தி பற்று நீங்கிய நிலை. இவ்வணுவோ இரு பற்றுகளுக்கிடையே அல்லலுறுகின்றது. ‘தவிப்பு’ என்னும் நம் எளிய சொல்லே ஏற்றது.

தவிப்பிற்கும் தீர்வு உண்டு. பல்லேடியம் குரோமியம் ஆக்சைடு என்னும் அடுக்கு உலோகத்தில், ஏறத்தாழ 37 கெல்வின் வெப்பநிலைக்குக் கீழே, குரோமியக் காந்தங்கள் ஒன்றற்கொன்று 120 பாகை விலகி நின்று உடன்பாடு காண்கின்றன. நயோபியம் சல்ஃபைடு அடுக்குகளுக்கிடையே இரும்பணுக்கள் முக்கோண வலையாய் அமைந்த உலோகமோ வேறு வழி காட்டுகின்றது. இரும்பின் அளவு சற்றே குறையும்போது, எதிர் ஒழுங்கோடு, தாறுமாறாய் உறைந்த ‘காந்தக் கண்ணாடி’ நிலையும் உடன் உறைகின்றது. இவ்விரண்டின் பிணைப்பால் ஒரே படிகத்தினுள் பரிமாற்றச் சாய்வு தோன்றுவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

குறையென ஒதுக்கத்தக்க ஒழுங்கின்மையே இங்கு நிலைபேற்றிற்குத் துணையாயிற்று. இயற்பியல் பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், இத்தகைய நுட்பங்களுக்கு உரிய சொற்கள் நம் பேச்சிலிருந்தே பிறக்கும்.