மரோசான் கிராமத்தின் பொதுக் களஞ்சியம்

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், பெஸியே நகருக்கு அருகே, ஓர்ப் நதி பாயும் சமவெளியில் அமைந்தது மரோசான் கிராமம். மத்தியதரைக் கடற்பகுதியின் வெயில் திராட்சைக்கு ஏற்றது. ஆகவே இவ்வூராரின் ஜீவனம் திராட்சைக் கொடியையே பற்றி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்சரா என்னும் பூச்சி வேர்களைத் தாக்கிப் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டி மீண்டும் பயிரிட்டனர். விளைச்சல் பெருகிற்று, 1900-ஆம் ஆண்டை ஒட்டி விலையோ வீழ்ந்தது. சேமித்து வைக்க வசதியற்ற சிறு குடியானவர், வியாபாரி சொன்ன விலைக்கே திராட்சை மதுவை விற்க நேர்ந்தது.

1901-இல் ஏலி கதலா முதலியோர் ‘சுதந்திரத் திராட்சை விவசாயிகள்’ என்னும் சங்கம் கண்டனர். இடைத்தரகரை விலக்கி, பாரிசுத் தொழிலாளரின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு நேரே சரக்கு அனுப்பினர். 1905-இல் பொதுக் களஞ்சியம் எழுந்தது. அவ்வாண்டே அரசியல் தலைவர் ழான் ஜோரஸ் இவ்வூருக்கு வந்து அம்முயற்சியைப் பாராட்டினார். பிரான்சின் முதல் கூட்டுறவு மதுக் களஞ்சியம் என இது போற்றப்படுகிறது. ‘ஒவ்வொருவருக்காக அனைவரும், அனைவருக்காக ஒவ்வொருவரும்’ என்பதே அவர்தம் கொள்கை வாசகம்.

தோட்டம் அவரவருடையதாகவே இருந்தது. சேமிப்பும் விற்பனையுமே பொதுவாயின. இருப்பு வைக்க இடமில்லாதவனுக்கு விலை பேசும் வலிமை இல்லை. அவ்வலிமையைக் கூடிப் பெறலாம் என்பதே நாம் இக்கிராமத்தினின்று அறிவது.