பருப்பு வேகாத தண்ணீர்



ஈப்போ வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிணற்று நீரிலேயே சமைத்துப் பழகிய தாய் ஒருவர், ஜூரோங்கில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் வெகுநேரம் அடுப்பில் கிடந்தும் நெற்று நெற்றாக நின்ற துவரம்பருப்பு, இங்கே விரைவில் குழைந்துவிடுகிறது. அங்கே கட்டிச் சவர்க்காரம் தேய்த்துத் தேய்த்துக் கரைந்தது. இங்கே சிறிது தேய்த்தாலே நுரை பொங்குகிறது. "இந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள்?" என்று அவர் ஐயப்படுகிறார். உண்மையில், கலந்திருந்தது தோட்டத்துத் தண்ணீரில்தான். அதைக் கலந்தவர் யாருமில்லை. அந்த ஊர்க் கல்லே கலந்தது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

மழையாக விழும்போது எல்லா நீரும் மென்மையானதே. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது ஏந்திக்கொண்டு, மிக மெல்லிய அமிலமாக நிலத்தில் இறங்குகிறது. வழியில் சுண்ணாம்புக்கல் குறுக்கிட்டால் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. இப்படிக் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்துள்ள நீரே கடின நீர்.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இடம். பத்துமலையும் அவ்வகைக் குன்றுதான். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் படியேறிக் குகைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தால், கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குவதைக் காணலாம். கல்லைக் கரைத்து வந்த நீர் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு மட்டும் அங்கே தங்கிவிடுகிறது. பத்துமலையில் பல்லாயிரம் ஆண்டுகளாக நடக்கும் இந்த வேலை, நம் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கெண்டிக்குள் சில வாரங்களிலேயே நடந்து முடிகிறது. கெண்டியின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பதும் அதே சுண்ணாம்புதான்.

ஜூரோங்கின் குழாய் நீர் ஏன் வேறு விதமாக இருக்கிறது? ஜூரோங் மண்ணுக்கு அடியிலும் சில இடங்களில் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் குழாயில் வரும் நீர் அந்தக் கல்லிலிருந்து எடுத்ததன்று. ஜொகூர் ஆற்று நீரும் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீரும் சுத்திகரிக்கப்பட்டு வருகின்றன. துவாஸில் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதல் ஆலைக்குப் பிறகு, உப்பு நீக்கிய கடல்நீரும் அவற்றோடு சேர்ந்தது. உப்பு நீக்கும்போது சுண்ணாம்புச் சத்தும் ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. அப்படியே விட்டால் அந்த நீர் குழாய்களை அரிக்கும் என்பதால், அளவாகத் தாதுக்களை மீண்டும் சேர்த்தே அனுப்புகிறார்கள். ஆகவே ஜூரோங்கில் கெண்டியில் படிவே விழாது என்று சொல்ல முடியாது. விழுந்தாலும் குறைவாகவே விழும்.

ஒரு லிட்டர் நீரில் உள்ள கடினத்தைச் சுண்ணாம்புக் கணக்கில் அளப்பார்கள். 60 மில்லிகிராம் வரை மென்னீர். 60 முதல் 120 வரை நடுத்தரம். 120க்கு மேல் கடினம். 180ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

இதனால் வீட்டுக்கு என்ன நட்டம்? முதல் நட்டம் சவர்க்காரத்தில். சவர்க்காரம் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறுகிறது. கால்சியம் தீரும்வரை நுரை எழாது. அந்தப் பிசுக்குத்தான் துணியைப் பழுப்பேற்றுகிறது, தலைமுடியைச் சிக்காக்குகிறது. இரண்டாவது நட்டம் அடுப்பில். கால்சியம் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பசையை இறுகச் செய்வதால் பருப்பு வேக நேரமாகிறது, எரிவாயு வீணாகிறது. மூன்றாவது நட்டம் கெண்டியிலும் வெந்நீர்க் கருவியிலும். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. தேநீரின் மேல் ஆடை போல் ஒன்று மிதப்பதும் இதனால்தான்.

1961இல் உருவாகத் தொடங்கிய ஜூரோங் தொழிற்பேட்டையில் நம்மவர் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். கொதிகலன் அருகே நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொதிகலன் குழாயின் உட்புறம் சுண்ணாம்பு படிந்தால் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி, குழாய் வெடிக்கவும் கூடும். அதனால் கொதிகலனுக்குள் விடும் நீரை முதலில் மென்மையாக்குவார்கள். எல்லா வேலைக்கும் ஒரே நீர் வேண்டியதில்லை என்பதையும் ஜூரோங் முன்பே கண்டது. குடிநீரை மிச்சப்படுத்த, சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஆலை 1966இல் அங்கே ஏற்பட்டது.

நம் வீட்டு நீர் எவ்வகை என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மழைநீர், மற்றொன்றில் வீட்டு நீர், இரண்டும் ஒரே அளவு. கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, இரண்டிலும் சமமாக இட்டுக் குலுக்குவோம். மழைநீரில் நுரை நிற்கும். வீட்டு நீரிலும் அப்படியே நின்றால் அது மென்னீர். நுரை அடங்கி நீர் பால் போல் கலங்கினால் கடின நீர். சலவைத் தூளை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது கடின நீரிலும் நுரைக்கும்.

கடின நீர் என்று தெரிந்தால் என்ன செய்வது? சுண்ணாம்புக் குன்றுப் பகுதி நீரின் கடினத்தில் பெரும்பகுதி, காய்ச்சினாலே நீங்கும் வகையைச் சேர்ந்தது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துப் பருப்புக்கு வைக்கலாம். துணிக்குச் சவர்க்காரத்துக்கு முன்பாகச் சிறிது சலவைச் சோடா கரைத்தால் போதும். கெண்டியில் படிந்ததை எலுமிச்சைச் சாறோ காடியோ கலந்த நீரை ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கும் நமக்குப் புளிப்பின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஓர் எச்சரிக்கை. வீடு தேடி வரும் விற்பனையாளர் சிலர், இரண்டு குவளை நீரில் உலோகக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். நம் குழாய் நீர் சேறு போல் பழுப்பாகும். அவர்களுடைய நீர் தெளிவாகவே இருக்கும். "இதையா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டதும் நாம் பதறிப்போகிறோம், மாதத் தவணைக்குக் கையெழுத்து இடுகிறோம். நடந்தது இதுதான்: தாதுக்கள் உள்ள நீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். தாது இல்லாத நீரில் மின்சாரம் எளிதில் ஓடாது, கம்பியும் கரையாது. அந்தப் பழுப்பு கம்பியின் துரு. நம் நீரின் அழுக்கன்று.

நீரின் கடினம் நோய் அன்று. உடல்நலத்தை முன்னிட்டு அதற்கென வரம்பு எதையும் உலகச் சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. அதே சமயம், மென்மையான நீரெல்லாம் தூய்மையானது என்றும் எண்ணிவிடக் கூடாது. கிருமிகள் இரண்டிலும் இருக்கலாம். ஆற்று நீரோ கிணற்று நீரோ, குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.

ஆகவே, புதுக் கருவி எதற்கும் பணம் கட்டுமுன் இரண்டு புட்டிகளை எடுத்துக் குலுக்கிப் பார்ப்போம்.