சிகிச்சைக்குப் பிறகு யார் துணை?

குடியிலிருந்தோ போதை மருந்திலிருந்தோ விடுபடச் சிகிச்சை பெற்ற ஒருவர் மருத்துவமனையை விட்டு வெளியே வருகிறார். உடலில் ஏறியிருந்த நஞ்சு இறங்கிவிட்டது. மருத்துவரும் விடை கொடுத்துவிட்டார். அன்றிரவு அவர் எங்கே உறங்குவார்? தெருமுனையில் காத்திருக்கும் பழைய கூட்டாளிகளை எப்படிக் கடந்து செல்வார்? அவரை நம்பி வேலை கொடுப்பவர் யார்? இத்தகைய ஒருவரைத் தம் இல்லத்தில் கண்டவர்களுக்கு இக்கேள்விகளின் கனம் தெரியும்.

இவற்றுக்கு விடையாக எழுந்தவையே மீட்புத் துணைப் பணிகள். பாதுகாப்பான தங்குமிடம், அதே பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரின் வழித்துணை, ஒருவரையொருவர் தாங்கும் கூட்டங்கள், வேலை தேட உதவி ஆகியன இவற்றுள் அடங்கும். ஆனால், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் எல்லாப் பணிகளும் நற்பயன் தருவதில்லை. எது பயன் தருகிறது என்று அறிய ஆராய்ச்சி வேண்டும். அதைச் செய்யவிருக்கும் இளைஞர்களைப் பக்குவப்படுத்த ஆசான்கள் வேண்டும். இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு.

மேலாளர் இல்லாத வீடு

1975ஆம் ஆண்டு, மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில், குடியிலிருந்து மீள்வோர் தங்கியிருந்த இல்லமொன்று மூடப்படவிருந்தது. அங்கிருந்த பால் மல்லாய் என்பவரும் உடன் தங்கியோரும் அவ்வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினர். 'ஆக்ஸ்ஃபோர்டு இல்லம்' என்ற அமைப்பு அவ்வாறுதான் பிறந்தது. அங்கே மேலாளர் இல்லை. சம்பளம் பெறும் ஊழியரும் இல்லை. தங்கியிருப்போர் வாக்களித்து வீட்டை நிர்வகிக்கின்றனர். வாடகையையும் செலவையும் பகிர்ந்து கொள்கின்றனர். மீண்டும் குடித்தவர் வெளியேறியாக வேண்டும். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் இம்முறையில் நடைபெறுகின்றன.

1991ஆம் ஆண்டு, சிகாகோ நகரின் டிபால் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த லியோனார்டு ஜேசன், தொலைக்காட்சியில் மல்லாயின் பேட்டியைக் கண்டு அவருடன் தொடர்பு கொண்டார். அன்று தொடங்கிய கூட்டுறவு பல ஆண்டுகள் நீடித்தது. பேராசிரியரின் மாணவர்கள் கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன், இல்லவாசிகளோடு பழகி அவர்களின் வாழ்க்கையைக் கண்டறிந்தனர். இல்லவாசிகளும் ஆய்வுக் குழுவின் கூட்டங்களுக்கு வந்து தம் கருத்தைக் கூறினர். தகவல் திரட்டும் பணியிலும் மீண்டோர் பங்கு பெற்றனர். யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்களிடமே முதலில் பாடம் கேட்க வேண்டும் என்பதே அம்மாணவர்கள் பெற்ற முதற்பயிற்சி.

குலுக்கல் முறை ஏன்?

இல்லத்தில் தங்கியவர்கள் திருந்தினார்கள் என்றால், அது இல்லத்தின் பயனா, அல்லது திருந்தும் உறுதி உள்ளவர்கள்தாம் அங்கே வந்தார்களா? இந்த ஐயத்தை இளம் ஆய்வாளருக்குக் கற்றுக் கொடுப்பது ஆசானின் கடமை. ஐயம் தீர ஒரே வழி, யார் இல்லத்துக்குச் செல்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதாகும்.

அவ்வாறே, சிகிச்சை முடித்து வந்த 150 பேரில் ஒரு பாதியினர் ஆக்ஸ்ஃபோர்டு இல்லங்களுக்கும், மறுபாதியினர் வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 64.8 விழுக்காட்டினர் மீண்டும் மதுவையோ போதைப் பொருளையோ நாடியிருந்தனர். இல்லவாசிகளில் அது 31.3 விழுக்காடுதான். சிறைப்பட்டோர் ஒன்பதுக்கு மூன்று விழுக்காடு. இல்லவாசிகளின் மாத வருமானமும் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. இம்முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. முதல் தொடர்புக்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள்!

இரகசியம் ஓர் அமானிதம்

மீள்பவர் ஒருவர் தம் வாழ்வின் வெட்கங்களையும் சில வேளைகளில் குற்றங்களையும் ஆய்வாளரிடம் சொல்கிறார். அது ஓர் அமானிதம். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிதி பெறும் இத்தகைய ஆய்வுகளில் கிடைத்த அடையாளத் தகவல்களை, உரியவர் சம்மதமின்றி நீதிமன்றத்துக்குக்கூடத் தரலாகாது என்று காவல் செய்துள்ளது. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. தேநீர்க் கடையில் அரட்டைக்கு நடுவே பிறர் கதையைச் சொல்லிவிடாத நாவடக்கம், ஆசானைப் பார்த்துப் பழகியே வரும்.

சொல்லாட்சியிலும் பயிற்சி உண்டு. 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஜான் கெல்லியும் உடன் ஆய்வாளரும் 500க்கும் மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரே மனிதரின் கதையைக் கொடுத்தனர். சிலரின் தாளில் அவர் 'போதைப் பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்' எனவும், மற்றோரின் தாளில் 'போதைப் பழக்க நோய் உள்ளவர்' எனவும் குறிக்கப்பட்டிருந்தார். முதல் சொல்லைக் கண்டவர்கள், அவரே குற்றவாளி, தண்டனைக்குரியவர் என்று கூடுதலாக எண்ணினர். கற்றறிந்தோரின் மனத்தையே ஒரு சொல் திருப்புமானால், வீட்டில் நாம் வீசும் சொற்கள் என்ன செய்யும்?

காலம் என்னும் உதவி

ஆசானின் அன்பு இருந்தாலும், வயிற்றுப்பாட்டுக்காக நாளெல்லாம் வகுப்பெடுக்கும் இளைஞரால் ஆராய முடியாது. எனவே அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கென வளர்ச்சி நிதி வழங்குகின்றன. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை, பணி நேரத்தில் முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க அது வழி செய்கிறது. வழிகாட்டி ஒருவர் பொறுப்பேற்றால்தான் இந்நிதி கிடைக்கும். இளையோரைப் பயிற்றுவிக்க அனுபவசாலிகளுக்கு நேரம் தரும் தனி நிதியும் உண்டு.

இத்துறைக்கு வரும் இளைஞரில் தாமே மீண்டவர்களும் உள்ளனர். தம் பழைய வாழ்வை வெளியிட்டால் மதிப்புக் குறையுமோ என்று அவர்கள் அஞ்சுவது இயல்பு. சொல்வதா, மறைப்பதா என்று அவரை வற்புறுத்தாமல், இரண்டின் விளைவுகளையும் எடுத்துரைத்து, முடிவை அவரிடமே விடுபவர் நல்லாசான். தம் அனுபவத்தையே எல்லோருக்கும் உரிய உண்மையாகக் கொள்ளலாகாது என்பதையும் அவரே கனிவுடன் உணர்த்த வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ உளவியலோ சமூகப் பணியோ படிக்க விரும்பினால், 'அதனால் என்ன வருமானம்?' என்று உடனே தடுத்துவிடாதீர்கள். மருத்துவமனை வாசலில் திகைத்து நிற்கும் ஒருவருக்கு எந்த வழி நல்ல வழி என்று நாளை சான்றோடு சொல்லப் போகிறவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.