ஹோமர் சிம்ப்சன் நல்லவரா, கெட்டவரா? பெரியவர்களுக்கு கார்ட்டூன் போட்டு தத்துவப் பாடம்!

"கார்ட்டூனா? அது குழந்தைங்க பார்க்குறதாச்சே!" என்பவரா நீங்கள்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், பெரியவர்களுக்கே கார்ட்டூனை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதுவும் தத்துவப் பாடம்!

1451-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இது. பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் பேராசிரியராக இருந்த இடம். 2017-ன் தொடக்கத்தில் பொதுமக்களுக்காக இங்கே ஒருநாள் தத்துவ வகுப்பு நடந்தது. கட்டணம் 30 பவுண்டு. பாடத்துக்கு எடுத்துக்கொண்டது, 1989 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் 'தி சிம்ப்சன்ஸ்' தொடர்.

அதில் வரும் அப்பா ஹோமர் சோம்பேறி, சாப்பாட்டு ராமன், முன்கோபி. கோபம் வந்தால் மகன் கழுத்தையே நெரிப்பார். ஆனால், குடும்பத்தின் மீது உயிரையே வைத்திருப்பவர். அவரை நல்லவர் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நற்குணம் என்றால் என்ன என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த அரிஸ்டாட்டிலிடம் போய் நிற்கலாம்.

1995-ல் வந்த ஒரு எபிசோடில், ஆன்மாவெல்லாம் பொய் என்று சொல்லி, மகன் பார்ட் தன் ஆன்மாவை நண்பனிடம் 5 டாலருக்கு விற்றுவிடுவான். அதன்பின் கடையின் தானியங்கிக் கதவுகூட அவனுக்குத் திறக்காது. பயந்துபோய் ஆன்மாவைத் திரும்ப வாங்க ஓடுவான். நம்பாத ஒன்றை இழந்ததற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? விவாதத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு, தத்துவப் புத்தகத்தின் முதல் பக்கமே மிரட்டும். வகுப்பில் வாய் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம் வேறு. ஆனால், ஹோமரைப் பற்றிக் கருத்து சொல்ல யாருக்கும் பயமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 'உங்கள் அப்பா நல்லவரா?' என்று யாரிடமும் கேட்டுவிட முடியாது, மனசு நோகும். ஹோமரை எவ்வளவு வேண்டுமானாலும் அலசலாம். அப்படி அலசும்போதே, நம் வீட்டு மனிதர்களையும் நம்மையும் உள்ளுக்குள் எடைபோடத் தொடங்கிவிடுவோம்.

சிரித்துவிட்டு எழுந்துபோனால் அது வெறும் டி.வி. சிரித்தபின் 'ஏன்?' என்று கேட்டால்தான் அது வகுப்பு.

அடுத்தமுறை உங்கள் வீட்டுக் குழந்தை கார்ட்டூன் பார்க்கும்போது, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: "அவன் செஞ்சது சரியா?" பதில் சொல்லத் திணறப்போவது, குழந்தையாக இருக்காது!