கொரில்லாக்களை மலையிறங்க வைக்கும் மூங்கில் குருத்து!

மழைக்காலம் வந்துவிட்டால் போதும்... ருவாண்டாவின் விருங்கா மலைகளில் வாழும் கொரில்லாக்கள், குட்டிகளோடு கீழே இறங்க ஆரம்பித்துவிடும். எல்லாம் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் மூங்கில் குருத்துக்காகத்தான்!

கிழக்கு ஆப்பிரிக்காவில் மேகம் தவழும் மலைக்காடுகளில், சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளர்கிறது இந்த மூங்கில். அறிவியல் பெயர் 'ஓல்டியானியா ஆல்பினா'. தான்சானியாவில் உள்ள ஓல்டியானி மலையிலிருந்து வந்த பெயர் இது. மாசாய் மொழியில் 'ஓல்டியானி' என்றாலே மூங்கில்தான்.

சில வார விருந்து

காட்டு செலரி, திஸ்டில், காஞ்சொறி போன்றவைதான் மலைக் கொரில்லாக்களின் வழக்கமான சாப்பாடு. குருத்து சீசனில் மட்டும் மெனு மாறிவிடும். மேல் உறையை உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் நீர்ச்சத்து நிறைந்த வெள்ளைப் பகுதியை ருசித்துச் சாப்பிடும். சில வாரங்களில் குருத்து முற்றிவிடும். விருந்தும் முடிந்துவிடும். விருங்காவின் தங்கக் குரங்குகளுக்கும் இந்த மூங்கில்தான் முக்கிய உணவு.

வேலிக்கு அந்தப் பக்கம்

சிக்கல் எங்கே என்றால், மூங்கில் காடு இருப்பது மலையடிவாரத்தில், ஊரை ஒட்டி. 1960-களின் இறுதியில், பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் பைரித்ரம் பூச்செடியைப் பயிரிடுவதற்காக, இங்குள்ள தேசியப் பூங்காவின் ஒரு பெரிய பகுதி அழிக்கப்பட்டது. இன்று உருளைக்கிழங்கு வயல்கள் காட்டின் விளிம்புவரை வந்துவிட்டன.

காட்டெருமைகளைத் தடுக்கக் கல்சுவர் இருக்கிறது. கொரில்லாக்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே இருக்கும் மூங்கிலையும் யூகலிப்டஸ் பட்டையையும் தேடித் தாண்டி வந்துவிடுகின்றன. இதனால் விவசாயிக்குப் பயிர்ச் சேதம். கொரில்லாவுக்கோ அதைவிடப் பெரிய ஆபத்து... மனிதர்களின் சளி, இருமல்கூட அவற்றின் உயிரைப் பறித்துவிடலாம்.

கூடை, தேன்கூடு, வீட்டுச் சுவர் என ஊர்க்காரர்களுக்கும் மூங்கில் தேவை. பூங்காவுக்குள் வெட்டத் தடை. சரி, ஊரிலேயே நட்டு வளர்க்கலாம் என்றால், அதைத் தேடியும் கொரில்லா வரும்!

ஒரு கொரில்லாவும் காட்டுக்குள் அடைபட்டு இருக்கப்போவதில்லை. அதனால் மக்களையும் சேர்த்துக்கொள்வதுதான் வழி. கொரில்லாவைப் பார்க்க ஒருவருக்கு 1,500 டாலர் கட்டணம். பூங்காவின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவிகிதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது.

மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய நல்ல செய்தி 2018-ல் வந்தது. குடும்பம் பெருகுகிறது. இனி, அதற்கேற்ற காடும் வேண்டும்!