இஸ்லாமியக் கற்கையில் முதுமாணி: எங்கே படிப்பது?

முதற்பட்டம் முடித்த பிள்ளை, இஸ்லாமியக் கற்கையில் முதுமாணி செய்யப் போகிறேன் என்றால் எமது வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். மௌலவியாகப் போகிறாயா? இதை வைத்து என்ன உழைக்கலாம்? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டாவது கேள்வி சாதாரணமானதல்ல.

முதற் கேள்விக்கு விடை எளிது. இங்குள்ள பல்கலைக்கழகம் தருவது மௌலவிப் பட்டமல்ல. குர்ஆன், ஹதீஸ், ஷரீஆ எல்லாம் அங்கே ஆய்வுப் பொருள்கள். படிப்பிப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கற்கை நிறுவனத்தை 1952இல் தொடங்கிய வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் ஒரு கிறிஸ்தவ அறிஞர். ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆலிமாக வர விரும்பும் பிள்ளைக்குக் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் போன்ற இடங்களே பொருந்தும். இதை முன்னரே பேசித் தெளியாமல் போய், முதல் வகுப்பிலேயே மனம் உடைந்து திரும்புவதில் பயனில்லை.

அடுத்தது மொழி. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்குமுன், அங்கே எத்தனை வருட அரபு படிப்பிக்கிறார்கள், சேரும்போதே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். சிறுவயதில் ஓதப் பழகியது பெரிய உதவிதான். ஆனால் ஓதுவது வேறு. ஹரகத் போடாத பழைய நூலை விளங்கி வாசிப்பது வேறு. அதற்கே ஒரு வருடம் கூடுதலாகப் போகலாம். அந்த வருடத்து வாடகையையும் சாப்பாட்டையும் இப்போதே கணக்கில் சேர்க்கவேண்டும்.

எம்மவர் பலர் எண்ணிப் பாராத ஒரு முதல் எமது பிள்ளைகளிடம் உண்டு. அது தமிழ். வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572இல் எழுந்தது. அதே கதையின் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை ஒப்பிட்டு றொனிற் றிச்சி 2011இல் ஒரு நூலே எழுதினார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ் ஏடுகளை வாசிக்க இரண்டும் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகில் மிகச் சிலரே. ஆகவே அரபும் தமிழும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் சிக்காகோ போன்ற இடங்களையும் பாருங்கள். விண்ணப்பத்தில் தமிழறிவை ஒரு மூலையில் எழுதாமல் முதற் பந்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆய்வை மேற்பார்வை செய்யக்கூடிய பேராசிரியருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போடுவதும் நல்லது.

உழைப்பு விடயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. விரிவுரையாளராவதற்கு முதுமாணி மட்டும் போதாது, கலாநிதிப் பட்டமும் வேண்டும். ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பல்கலைக்கழகங்களில் முஸ்லிம்களுக்கு ஆன்மிகத் துணையாகப் பணிபுரிய விரும்பினால், அமெரிக்காவின் ஹாட்ஃபோர்டில் அதற்கென்றே பயிற்சி இருக்கிறது.

கட்டணத்தில் கவனம். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து மக்கிலுக்குப் போனால், கியூபெக்வாசிகளைவிடக் கூடுதலாகக் கட்டவேண்டும். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள் எந்தக் கட்டணம் என்பதை எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.